பின்வராந்தாவைக் காலி செய்த வருஷம்

1889 மார்ச் 9, சுரபாயா, ஜாவா

இன்று ஐரோப்பியர் சங்கத்தில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, என் மீசையின் இடது பாதியை நானே கொளுத்திக்கொண்டேன்.

எழுதிவிட்டேன். எழுதினால் எரிச்சல் கொஞ்சம் அடங்கும் என்று பார்த்தேன்; அடங்கவில்லை. நடந்தது இதுதான். டெர்விண்ட் என்று ஒரு நண்பன். பூமியைத் துளைக்கிற இன்ஜினியர், இளைஞன், சிரிக்கத் தெரியாதவன். தேக்கங்காட்டுக்குள் ஒரு கிராமத்தில் நிலத்தடி எண்ணெய் எடுக்க அரசாங்க அனுமதி வாங்கி வைத்திருக்கிறான். அங்கே ஓடைக்கரையில் எண்ணெய் தானாகவே கசிகிறது. ஊர்க்காரர்கள் அதை வழித்து வண்டி அச்சுக்கும் மாட்டுச் சொறிக்கும் தடவுகிறார்கள். ஆழத் துளைத்தால் ஊற்றாக வரும் என்கிறான் இவன். நீராவி இயந்திரம், இரும்புக் குழாய், ஆள்கூலி எல்லாமாக இரண்டு லட்சம் கில்டர் வேண்டும். அவனிடம் அனுமதி இருக்கிறது. என்னிடம் வாய் இருக்கிறது. ஏலக்கடையில் நின்று உடைந்த பியானோக்களைப் பாதிரிமார் தலையில் கட்டிய வாய். பத்தில் ஒரு பங்கு எனக்கு.

ஆகவே இன்று மாலை ஜின் வேளையில் ஒரு தட்டில் அந்த எண்ணெயை ஊற்றி, "கனவான்களே, இதுதான் ஜாவாவின் வெளிச்சம்" என்று தீக்குச்சியைக் கிழித்தேன். வெளிச்சம் வந்தது. நான் குனிந்து முகர்ந்து காட்டியிருக்க வேண்டியதில்லை.

டெர்விண்ட் ஒருவன்தான் சிரிக்கவில்லை. எரியும் குணம் நன்றாகத் தெரிந்தது என்றான்.

மார்ச் 10

மீதிப் பாதியைக் காசினெம் சிரைத்துவிட்டாள். "துவான் மூஞ்சில வாய்னு ஒண்ணு இருக்கறது இப்பத்தான் தெரியுது. இத்தனை வருஷமா வெறும் சத்தந்தான் வந்துச்சு" என்றாள்.

துவான் என்றால் எஜமான். அவள் வாயில் அது பாதி திட்டு. ஊரார் அவளை என் ஞாய் என்பார்கள். அதாவது என் வீட்டுச் சாவிக்கொத்தும் என் கட்டிலும் என் காய்ச்சல் கஷாயமும் அவள் பொறுப்பு. என் பெயர் மட்டும் அவளுக்குக் கிடையாது. ஐரோப்பியர் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் பாதிப்பேர் வீட்டில் இப்படித்தான். நானும் ஐரோப்பியன்தான், கண்ணாடி ஒப்புக்கொள்வதில்லை. அப்பா ஹாலந்தில் ராட்டர்டாம், அம்மா இங்கே ஜாவாவில் கெதிரி. அப்பா நகரப் பதிவகத்தில் என்னைத் தன் பெயரில் எழுதிவைத்தார், அதனால் ஐரோப்பியன்.

தேயாவை நான் இன்னும் எழுதவில்லை. எங்கள் பெண், ஒன்பது வயது. எழுதினால்தான் கன்னியாஸ்திரீகள் பள்ளியில் சேர்ப்பார்கள். திங்கட்கிழமை போகிறேன், திங்கட்கிழமை போகிறேன் என்று அவள் பிறந்ததிலிருந்து சொல்லிவருகிறேன். எண்ணெய்க் கம்பெனி நிற்கட்டும், நல்ல கோட்டு ஒன்று தைத்துப் போட்டுக்கொண்டு போவேன். காசினெம் இதைப்பற்றி ஒன்றும் கேட்பதில்லை. கேட்டால் தேவலை.

ஏப்ரல் 2

மூளை வேலை செய்தது. எங்கள் சங்கத்தில் யாரும் காசைத் தொடுவதில்லை. ஜின் வந்தால் சீட்டில் கையெழுத்து, சுருட்டு வந்தால் கையெழுத்து, பில்லியர்ட்ஸில் தோற்றால் கையெழுத்து. கையெழுத்துப் போடுவது எங்களுக்கு மூச்சு விடுவது மாதிரி. நான் சங்கத்துச் சீட்டிலேயே பங்குகளை எழுதி, இரண்டாவது கோப்பைக்கும் மூன்றாவது கோப்பைக்கும் நடுவில் நீட்டினேன். சர்க்கரை ஆலை மேலாளர் போட்டார். துறைமுக டாக்டர் போட்டார். ராணுவ பாண்டு மாஸ்டர், வாசிப்பதை நிறுத்தாமலே, இடது கையால் போட்டார்.

ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. காசினெமிடம் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டே, கையெழுத்தா காசா என்று கேட்டாள். மூலதனம் என்பது என்ன என்று அவளுக்கு விளக்கினேன்.

ஏப்ரல் 30

மாதக் கடைசி. வசூலுக்குப் போனேன்.

டாக்டர் அதை ஜின் சீட்டு என்று நினைத்தாராம். தான் குடிக்காத ஜின்னுக்கு எப்படிக் கொடுப்பது என்று என்னையே கேட்டார். ஆலை மேலாளர், கரும்பு வெட்டு முடியட்டும் என்றார். எந்த வருஷத்துக் கரும்பு என்று சொல்லவில்லை. பாண்டு மாஸ்டர் மலாங்குக்கு மாற்றலாகிவிட்டார், பாண்டோடு. கையெழுத்துப் பழக்கத்தைப் பிடித்தேனே தவிர, எல்லாரும் சங்கத்துச் சீட்டை வருஷத்துக்கு ஒருமுறைதான் பார்த்துக் கணக்குத் தீர்க்கிறார்கள் என்ற பழக்கத்தை மறந்துவிட்டேன். நானும்தான் அப்படி. ஏப்ரல் சீட்டுகளில் என் கையெழுத்துகள்தான் அதிகம் என்று சங்கத்து எழுத்தர் காட்டினார்.

வசூலான காசில் ஒரு குழாய் வாங்கலாம். நீளமான குழாயாக இருந்தால் அதுவும் முடியாது.

மே 17

வழி பிறந்திருக்கிறது. ஹாலந்தின் ஹேக் நகரத்திலிருந்து எவர்ட் ஹெம்மிங்கா என்ற பணக்காரர் கப்பலில் வருகிறார். இளமையில் இந்தத் தீவில் சர்க்கரையில் சம்பாதித்துப் போனவர். பழைய இடங்களை ஒருமுறை பார்த்துவிட்டுக் கண்ணை மூட வேண்டுமாம். டெர்விண்ட் எழுதிக் கேட்டதற்கு, சாப்பாட்டு மேஜையில் பேசலாம் என்று பதில் போட்டிருக்கிறார். டெர்விண்ட் இருப்பது வாடகை அறை. ஆகவே என் வீட்டு மேஜை.

அவன் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தான். முன்வராந்தா சரி என்றான். பின்வராந்தாவுக்குப் போய் நின்றான். கொடியில் காயும் சாரங்கள், தரையில் தேயாவின் சோழிகள், காசினெமின் வெற்றிலைப் பெட்டி.

"இது ஆவாது, குளோப்பர்ஸ். முன்ன மாதிரி இல்ல, ஹேக் ஆளுங்க இப்ப ரொம்ப ஒழுக்கம் பார்க்கறாங்க. வீட்ல ஞாய் வெச்சிருக்கிற ஆள நம்பி ரெண்டு லட்சம் குடுப்பாங்களா? பின்கட்டுல ஒளிச்சாலும் வேலைக்காரங்க வாய் சும்மா இருக்காது. அனுப்பிடு, ரெண்டு வாரத்துக்கு."

நல்லவன்தான். தீய எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் தொல்லை.

மே 26

சொல்லிவிட்டேன். ஒத்திகை பார்த்து வைத்திருந்த நகைச்சுவையோடு சொன்னேன். நகைச்சுவையை அவள் முழுக்கக் கேட்டாள்.

"எத்தினி நாளைக்கு?"

ரெண்டு வாரம்.

"தேயாவும்?"

தேயாவும். பள்ளிக்கூடம், பதிவகம், புதுக் கோட்டு, எல்லாம் இந்தக் கிழவர் போடும் கையெழுத்தில்தான் இருக்கிறது என்றேன். அவள் தலையாட்டினாள். வெள்ளிக் கரண்டிகள் எந்த இழுப்பறையில் இருக்கின்றன என்று காட்டினாள். அப்புறம், "பின்வராந்தாக் கொடியையும் அவுத்துடவா, துவான்?" என்று கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள்.

விருந்தாளி வந்தால் என் அம்மா கதவுக்குப் பின்னால் நிற்பாள். கதவிடுக்கில் அவள் கால்விரல்கள் தெரியும். அப்பா அவளை ஊருக்கு அனுப்பினதில்லை. இதை எதற்கு இப்போது எழுதுகிறேன்?

ஜூன் 1

காலை ரயிலில் மொஜொகெர்தோவுக்கு, அவள் அக்கா வீட்டுக்கு. தேயா ஜன்னலில் கையாட்டினாள். காசினெம் மூட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 8

விருந்து. ஹோட்டலிலிருந்து சமையலும் பரிமாற ஆளும் வரவழைத்தோம். மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, டின்னில் வந்த பட்டாணி: ஹாலந்திலிருந்து வந்தவருக்கு ஹாலந்து. ஹெம்மிங்கா ஒல்லியான மனிதர், காது மந்தம், கை நடுக்கம். டெர்விண்ட் பாறை அடுக்குகளை வரைந்து காட்டினான். அவர் தட்டில் பட்டாணியை ஒதுக்கிக்கொண்டே கேட்டார். கொஞ்சம் சம்பல், அதுதான் இந்த ஊர் மிளகாய்த் துவையல், கிடைக்குமா என்றார். சோதிக்கிறார் என்று டெர்விண்ட் என் காலை மிதித்தான். இந்த வீட்டில் அதெல்லாம் இல்லை என்றேன்.

அப்புறம், வீட்டம்மா இல்லையா என்று கேட்டார்.

அங்கேதான் நான் ஆரம்பித்தேன். என்னை நிறுத்த ஆளில்லை. நான் பிரம்மச்சாரி, இந்த வீட்டில் நானும் ஒரு கிளியும்தான், கிளிக்குத்தான் என்மேல் பாசம், சம்பளம் கேட்காது, சண்டை போடும், ராத்திரியில் குளிர்ந்தால் பக்கத்தில் வந்து உட்காரும், நாளைக்கே பறந்துபோனாலும் இன்னொன்று சந்தையில் வாங்கிக்கொள்ளலாம். இப்படி ஒரு அரைமணி. டெர்விண்டே சிரித்தான். முதல்முறை பார்க்கிறேன், பல் நன்றாக இருக்கிறது. பரிமாறியவனும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தான்.

கிழவர் சிரித்தாரா? நினைவில்லை. கிளி எங்கே என்று கேட்டார். தூங்குகிறது என்றேன்.

என் வீட்டில் கிளி கிடையாது. ஒருநாளும் இருந்ததில்லை.

ஜூன் 9

ஹெம்மிங்கா கையெழுத்திட்டார். முழுத்தொகையும். வங்கிக் காசு, சங்கச் சீட்டு அல்ல. இனி நாங்கள் கம்பெனி.

ஜூன் 16

ரெண்டு வாரம் முடிந்தது. ஸ்டேஷனுக்குப் போனேன். கூட்டம் அதிகம், தவறவிட்டிருப்பேன் என்று வீட்டுக்கு ஓடிவந்தேன். இல்லை.

ஜூன் 23

ஆள் அனுப்பினேன். அவளுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, சௌக்கியமாக இருக்கிறாள் என்று வந்து சொன்னான். அது பதிலா?

ஜூலை 3

மொஜொகெர்தோ போய் வந்தேன். உள்ளபடி எழுதுகிறேன்.

சந்தைக்குப் பின்னால் அக்கா வீடு. காசினெம் சாயம் தோய்ப்பதற்கு முன் துணிக்கு மெழுகுக் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். வாசலில் தேயா. என்னைப் பார்த்ததும் எழுந்தாள், ஓடிவருவாள் என்று கையை விரித்தேன். அவள் உள்ளே திரும்பி, "அம்மா, துவான் வந்திருக்காங்க" என்றாள். எப்போதும் பா என்றுதான் கூப்பிடுவாள். யாரும் சொல்லிக்கொடுத்ததாகத் தெரியவில்லை. விரித்த கைகளை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

காசினெம் பாய் போட்டாள். காபி கொடுத்தாள். உட்கார்ந்தாள்.

"கிளி எப்படி இருக்கு, துவான்?" என்றாள்.

அன்று பரிமாறினவன் இந்த ஊர்க்காரன்.

நான் சிரிக்கப் பார்த்தேன். வியாபாரத்துக்குச் சொன்னது, வெறும் வாய் என்றேன். அவள், தெரியும், அந்த வாயை நான்தானே சிரைச்சுவிட்டேன் என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். கெஞ்சினேன். நாளைக்கே பதிவகம் போகிறேன், தேயாவை என் பெயரில் எழுதுகிறேன், அடுத்த மாதமே பள்ளிக்கூடம் என்றேன்.

அவள் மெழுகுச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டுத்தான் பேசினாள்.

"எழுதினா அவ உங்க பொண்ணு. அப்ப நான் அவளுக்கு யாரு? சட்டத்துல உங்க வீட்டு வேலைக்காரி. நாளைக்கு உங்க கம்பெனி பெருசாயி, ஒரு வெள்ளைக்கார அம்மாவக் கட்டுனா, பொண்ண வெச்சுக்கிட்டு என்னைய மட்டும் ரயிலேத்துவீங்க. நீங்க எழுதாம விட்டீங்க பாருங்க, எனக்கு நீங்க செஞ்ச ஒரே நல்ல காரியம் அதுதான். அதையும் கெடுத்துடாதீங்க."

அப்படியெல்லாம் செய்வேனா என்றேன்.

"ரெண்டு வாரத்துக்குச் செஞ்சீங்கல்ல."

காபியைக் குடித்து முடித்தேன். அவ்வளவுதான். ரயிலில் எதிரே இருந்தவன் ஏதோ வேடிக்கையாகப் பேசினான். நானும் பதிலுக்கு ஒன்று சொல்லி அவனைச் சிரிக்கவைத்தேன். என்ன ஜென்மம் நான்?

செப்டம்பர் 12

இயந்திரம் துறைமுகத்தில் இறங்கிவிட்டது. எருமை வண்டிகள் பூட்டி இழுத்துப் போனார்கள். டெர்விண்ட் அதைக் கல்யாணப் பெண்ணைப் போலப் பார்த்துக்கொண்டே நடந்தான்.

டிசம்பர் 5

சின்டர்கிளாஸ் இரவு. ஊர்க் குழந்தைகளெல்லாம் வாசலில் செருப்பு வைத்து, அதில் பரிசு போடும் அந்த டச்சுத் தாத்தாவுக்குக் காத்திருக்கின்றன. நான் யாருக்கும் எதுவும் வாங்கவில்லை.

வாங்கினேன். இழுப்பறையில் இருக்கிறது, வெள்ளிக் கரண்டிகளோடு.

1890 ஏப்ரல் 21

காட்டிலிருந்து டெர்விண்ட் வந்தான். ஆழத்தில் முதலில் களிமண், அப்புறம் சிப்பிப் பாறை, அப்புறம் வெந்நீர். உப்பு வெந்நீர், குழாய் முழுக்க, நிற்காமல். எண்ணெய் மேலே மிதக்கிறது, ஓடையில் மிதக்கிற அளவுக்குத்தான். ஊர்க்காரர்கள் வரிசையாக வந்து முட்டிவலிக்குக் குளித்துவிட்டுப் போகிறார்களாம். சொல்லும்போது அழுதான். நான் அவனுக்கு ஜின் வரவழைத்தேன், கையெழுத்துப் போட்டேன்.

அக்டோபர் 8

கம்பெனியைக் கலைத்தாயிற்று. இயந்திரத்தை ஏலம் விட்டது நான்தான். "நல்ல பழக்கமுள்ள இயந்திரம், தண்ணீர் எங்கே இருந்தாலும் கண்டுபிடிக்கும்" என்றேன். நல்ல விலைக்குப் போயிற்று.

ஹெம்மிங்காவுக்கு மிச்சத்தை அனுப்பினோம். வருத்தமில்லை என்று ஒரு வரியில் எழுதியிருந்தார்.

1891 ஜனவரி 14

மொஜொகெர்தோ வழியாகப் போக வேண்டியிருந்தது. ரயில் நின்றபோது பிளாட்பாரத்தில் இருவரும் துணி விற்றுக்கொண்டிருந்தார்கள். தேயா உயர்ந்துவிட்டாள். கணக்கு அவள்தான் போடுகிறாள். எந்தப் பள்ளியில் கற்றாளோ. ஜன்னலைச் சாத்திக்கொண்டேன், இல்லை, பாதி சாத்தினேன். அவர்கள் என் பெட்டிக்கு வருவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

மார்ச் 2

தபாலில் வந்த பத்திரிகையில் ஹெம்மிங்கா இறந்த செய்தி. சங்கத்தில் நோட்டரி ஓடிங் படித்துக் காட்டினார். ஓடிங்கும் அவரும் வாலிபத்தில் பெக்கலோங்கானில் ஒரே வீட்டில் குடியிருந்தவர்களாம், எனக்குத் தெரியாது. என் வாயை நம்பிக் காசைத் தொலைத்த புண்ணியவான் என்று ஒரு கோப்பை உயர்த்தினேன். அவரைப் போல ஒழுக்கமான மனிதர்கள் முன்னால் பேசவே நாம் கூச வேண்டும் என்றேன்.

ஓடிங் பத்திரிகையை மடித்து வைத்தார். பாவம் அந்தம்மா, இனிமேல் அந்தக் குளிரில் தனியாக என்ன செய்வாளோ என்றார். எந்தம்மா என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதிவைக்கிறேன்:

"அவன் பொண்டாட்டிதான், சாத்தியெம். பெக்கலோங்கான் சந்தைல மீன் வித்துக்கிட்டிருந்த ஜாவாப் பொண்ணு. ஹாலந்துக்குத் திரும்பிப் போறதுக்கு முன்னால சர்ச்சுல வெச்சுக் கட்டிக்கிட்டு, கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனான். ஹேக்ல அவன் வீட்டுக்கு யார் போனாலும் அவதான் மேஜைத் தலைமாட்டுல உக்காந்து டீ ஊத்துவா."