"அப்புறம்?" என்று நீ கேட்டபோது

அப்பா, போன சனிக்கிழமை சாயங்காலம் என் போன் ஓர் எட்டாம் வகுப்பு மாணவியின் கையில் இருந்தது. கரியாலூரில் எங்கள் விடுதிப் பிள்ளைகள் வாரம் ஒருமுறை வீட்டோடு பேச வார்டனான நான்தான் போன் தருவேன். சரியாகக் கேட்கவில்லை என்று அவள் ஸ்பீக்கரில் போட்டாள். "சோறு துன்னியா?" என்றார் அவள் அப்பா. துன்னேன் என்றாள். "அப்புறம்?" குழம்பில் உப்பு ஜாஸ்தி என்றாள். "அப்புறம்?" தோழியோடு சண்டையாம். "அப்புறம்?" சண்டை எதனால் என்று அழுதுகொண்டே சொன்னாள். அந்த ஒரே சொல்லை வைத்துக்கொண்டு அந்த மனிதர் மகளின் ஒரு வாரத்தையே கேட்டு வாங்கிவிட்டார். பக்கத்தில் நின்ற நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

நீயும் அதைத்தானே கேட்டாய்.

கரும்பு வெட்டிவிட்டு வந்து, கைகால் கழுவியதும் மணலூர்பேட்டையிலிருந்து தினமும் ஆறு மணிக்குப் போன் போடுவாய். "டீ குடிச்சியா?" "உம்." "அங்க மழையா?" "இல்ல." "அப்புறம்?" என்பாய். "அப்புறம் ஒண்ணுமில்ல, வச்சிடறேன்" என்பேன். பேச்சை முடிக்க நீ வைத்திருந்த சொல் அது என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

சாக்குச் சொல்ல எனக்கும் ஒன்று உண்டு. ஆறாவது படிக்கையில், பள்ளிக்கூடத்தில் நடந்ததையெல்லாம் சொல்ல உன்னிடம் ஓடிவருவேன். "கம்முனு கெட, தல நோவுது" என்பாய். நாள் முழுக்க வெயிலில் நின்றவன் வேறென்ன சொல்வாய்? நான் அதைப் பிடித்துக்கொண்டு முப்பது வருஷம் கம்மென்று கிடந்தேன். நடுவில் நீ மாறிவிட்டாய். பேசிப் பழகாத நீ, தெரிந்த ஒரு சொல்லோடு தினமும் வந்தாய். வீம்புக்காரன் நான்தான்.

உன் காரியத்துக்கு வந்தபோது அம்மா சொன்னாள், கடைசி ஒரு மாதம் நீ வேலைக்கே போகவில்லையாம். நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்குமாம். "புள்ளகிட்ட சொல்லுன்னேன். அவன் வேலையா கீறான், இன்னா ஏதுன்னு அவனே கேட்டா சொல்லிக்கறேன்னுட்டாரு." அந்த ஒரு மாதமும் ஆறு மணிக்குப் போன் வந்தது. கடைசி நாளன்று இரண்டு தடவை "அப்புறம்?" என்றாய். பஸ் வந்துவிட்டது என்று சொல்லி வைத்தேன். பஸ் வரவில்லை அப்பா.

பெற்றோர் கூட்டம் தவறாமல் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளைகளிடம் மனம்விட்டுப் பேசுங்கள்" என்று சொல்கிறவன் நான். ஊருக்குத்தான் உபதேசம். அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் அவர்கள் தலையாட்டும்போது கூசிப்போகிறேன்.

இப்போது அம்மாவுக்கு நானே போன் போடுகிறேன். "நல்லாத்தான் கீறேன்" என்றால் விடுவதில்லை. மூச்சு வாங்குதா, மாத்திரை போட்டியா, யார் வந்தாங்க என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். நேற்று எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, "இத அவருகிட்டயும் கேட்டிருக்கலாமில்லடா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

இந்தத் தடவை நான் போனை வைக்கவில்லை.