மாஹிராவின் நெஞ்சுச் சத்தம்

கள்ளக்குறிச்சி
27-9-1987

அன்பு மகள் பாயிஸாவுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லோரும் நலம். இந்தச் சொல்லை இத்தனை யோசித்து நான் எழுதியதில்லை. உன் அண்ணன் மகள் மாஹிரா என் பக்கத்தில் பாயில் கிடந்து காலை உதைத்துக்கொண்டிருக்கிறாள். அதனால்தான் எழுத முடிகிறது. இடஒதுக்கீடு கேட்டு இங்கே நடந்த மறியலைப் பற்றி டெல்லியில் படித்திருப்பாய். ஒரு வாரம். சாலையெங்கும் வெட்டிப் போட்ட மரங்கள். பஸ் இல்லை, தபால் இல்லை. ஈரோட்டுக்குச் சரக்கெடுக்கப் போன உன் அண்ணன் வசீம் அங்கேயே நின்றுவிட்டான். குழந்தையோடு நைனார்பாளையத்துக்குத் தாய்வீடு போன உன் அண்ணி ரஜியாவும் அப்படியே. மூன்றாம் நாள் மனம் கேட்காமல் சைக்கிளில் போனேன். குழந்தைக்குக் காய்ச்சல், இரைப்பு. ஒரு கார் பிடித்து ரஜியாவையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். பாதி வழியில் ஒரு புளியமரம், குறுக்கே. இருபது பேர். அரிவாளோடு முன்னால் நின்றவர் பெயர் சுப்புராயன். இன்னா பாய், உங்களுக்கும் நோவா, காலையிலேர்ந்து இந்த ரோட்டுல நோவு இல்லாத ஆளே வரல என்றார். வயிற்றில் தலையணையைக் கட்டிக்கொண்டு பிரசவம் என்று வந்தவளும் உண்டாம். எல்லோரும் சிரித்தார்கள். நான் நிமோனியா என்றேன். அந்தப் பேர நாலு வண்டி சொல்லிட்டுப் போச்சு என்றார். தத்துவம் படித்த நான் மறுபடியும் நிமோனியா என்றேன்.

அவர் ரஜியாவைப் பார்த்து, ஏம்மா, நெஞ்சு இன்னா சத்தம் போடுது என்று கேட்டார். வேற்று ஆண்களிடம் வாய் திறக்காத பெண் சொன்னாள். நேத்து வரைக்கும் கொர்கொர்னு இருந்திச்சிண்ணா, அது சளி, நான் பயப்படல. விடிஞ்சதிலேர்ந்து அது நின்னுபோச்சு. இப்ப உங் உங்னு முக்குது, மூச்சுக்கு மூச்சு வெலா உள்ள போவுது. சுப்புராயன் அரிவாளைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். குனிந்து குழந்தையின் முதுகில் காதை வைத்தார். வெகுநேரம். நிமிர்ந்து, போன ஐப்பசில எம் புள்ளைக்கு இதே சத்தம், கொர்கொர் நின்னதும் தேவலாமாயிட்டுதுன்னு நெனச்சோம் என்றார். பிறகு யாரும் சிரிக்கவில்லை. மரத்தை நகர்த்த முடியாது. அவருடைய ராஜ்தூத் பைக்கை நாலு பேர் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் வைத்தார்கள், குழந்தையைக் கைமாற்றிக் கொடுத்தார்கள், அவர் ஓட்ட, நாங்கள் பின்னால் ஏறிக்கொண்டோம். வழியில் இன்னும் மூன்று மரங்கள். ஒவ்வொன்றிலும் நாலைந்து பேர் மறித்தார்கள். சுப்புராயன் நோயின் பெயரைச் சொல்லவே இல்லை. தொண்டையை அடைத்து உங் உங் என்று செய்து காட்டினார். பிள்ளை பெற்றவர்கள் யாராவது இருந்தார்கள், அவர்களுக்குப் புரிந்தது. தூக்குடா பச்சமுத்து, வண்டியத் தூக்குடா என்று ஒரு கிழவர் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் ஏழு நாள், ஆக்சிஜன், ஊசி. நேற்று வீட்டுக்கு வந்தோம். நானும் மாஹிராவின் முதுகில் காதை வைத்துப் பார்த்தேன். மூச்சைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

போன மே மாதம் நீ வெள்ளிமலைக்கு ஜீப்பில் ஏறிப்போய், மழை எந்தச் சத்தத்தோடு பெய்யும், மூங்கில் எந்தச் சத்தத்தோடு முறியும் என்று மலைக்காரர்களிடம் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டு வந்தாய். சொன்னவர் பெயர், வயது என்று கட்டம் போட்டிருந்தாய். கடகட, சலசல எழுதவா டெல்லி வரை போய்ப் படிக்கிறாய் என்று கேட்டேன். நீ சாப்பிட்டு எழுந்து போனாய். அன்று நான் கேட்டது தப்பு. அந்த வேலையை விடாதே.

குளிர் தொடங்குமுன் கம்பளி வாங்கிக்கொள், பட்டினி கிடந்து படிக்காதே. ரஜியா உனக்கு ஸலாம் சொல்கிறாள். அல்லாஹ் உன் ஆயுளையும் அறிவையும் நீளமாக்கட்டும். ஒன்று மறக்காதே. உன் நோட்டில் இந்த இரண்டு சத்தங்களையும் சேர்த்துக்கொள். கொர்கொர் என்பதற்கு எதிரே ரஜியாவின் பெயரை எழுது. உங் உங் என்பதற்கு எதிரே சுப்புராயன் பெயரைத்தான் எழுதச் சொல்ல நினைத்தேன். ஆஸ்பத்திரி வாசலில் அவரிடம் சொன்னபோது, வேணாம் பாய், எம் புள்ள பேர எழுதச் சொல்லுங்க என்றார். பழனி என்று எழுது. வயது பத்து மாதம்.

உன் அத்தா
முகம்மது கவுஸ்