சுவரிலிருந்து பேசும் பிள்ளை

பெங்களூரு
செவ்வாய்க்கிழமை

புகழ் அப்பாவுக்கு, தனக்கொடி எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? மாத்திரை தீருவதற்குள் வாங்கிவிடுங்கள். நானும் பேரனும் சுகம்.

நம் புகழ் இங்கே கூடத்துச் சுவரில் கேமரா மாட்டியிருக்கிறான். அதற்குக் காதும் உண்டு. அதனால்தான் போனில் பேசாமல் எழுதுகிறேன். நேற்று பேரனைத் தூங்கவைத்துவிட்டுச் சற்றே சாய்ந்தேன். ஆபீசில் இருப்பவன் சுவரிலிருந்து, "இன்னாம்மா, அதுக்குள்ள படுத்துட்ட? துணி மெஷின்லயே இருக்குது பாரு" என்றான். பயந்துபோய் எழுந்தேன். பிறகு எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

துணி மெஷின், பாத்திரம் கழுவும் மெஷின், போனில் காய்கறி வரவழைப்பது எல்லாவற்றையும் அவனே பக்கத்தில் நின்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தான். நானும் ஆசையாகத்தான் கற்றுக்கொண்டேன். கற்று முடித்ததும் வேலைக்காரப் பெண்ணை நிறுத்திவிட்டார்கள். "எங்க அத்தைக்கு மனசு இன்னும் இருபது வயசுதான்" என்று மருமகள் தோழிகளிடம் பெருமை பேசுகிறாள். இருபது வயதில் உங்கள் அம்மாவிடமும் இப்படித்தான் இருந்தேன்.

தினமும் காலையில் நீங்கள் போனில் அனுப்பும் ரோஜாப்பூ படம் போதும். நம் கன்றுக்குட்டியைப் படமெடுத்து அனுப்புங்கள்.

ஊருக்குப் போகிறேன் என்றால், "டிக்கெட் போடறேம்மா" என்கிறான். பொங்கலும் போய்விட்டது. அடுத்த சனிக்கிழமை விடிகாலை வில்லியனூரில் வண்டியோடு வந்து நில்லுங்கள். பஸ்ஸுக்கு நானே போனில் டிக்கெட் போட்டுவிட்டேன். பேரன் எழுந்துவிட்டான், நிறுத்துகிறேன். டிக்கெட் போடுவது ஒன்றை மட்டும் இந்த வீட்டில் யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

தனக்கொடி