அப்பா கொடுத்தனுப்பிய தந்தக் குரங்கு

கியோத்தோ

அன்புள்ள ஃபுசயே,

நான் சுகமாக இருக்கிறேன். அங்கே பனி குறைந்ததா? அப்பாவின் இருமல் தேவலையா?

"இதை வித்துக் கடனை அடைச்சுட்டு ஊரோட வந்துடுடா" என்று அப்பா கொடுத்தனுப்பிய தந்தக் குரங்குப் பொம்மையை நேற்று நான் வேலை செய்யும் பழம்பொருள் கடையில் காட்டினேன். பழைய வாள்பிடித் தகடுகளைத் துடைத்துக்கொண்டிருந்த முதலாளி, லென்ஸில் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஏம்ப்பா, ஊரார் தந்தத்தையெல்லாம் தரம் பிரிக்கிறே, உங்க வீட்டுது மான்கொம்புன்னு தெரியலையா? தந்தம்னா வலை மாதிரி கோடு ஓடுமே!"

நானும் சிரித்துவைத்தேன். எனக்கு முதல் நாளே தெரியும். அவர் கண்ணுக்காவது தந்தமாகத் தெரியாதா என்ற நப்பாசைதான்.

இந்த வசந்தத்திலும் வர முடியாது. பஞ்சு வைத்த மேல்சட்டையையும், நீ ஊறப்போட்ட முள்ளங்கி கொஞ்சமும் அனுப்பு.

முதலாளி கூப்பிடுகிறார். அப்பா கேட்டால், அசல் தந்தம்தான், விற்க எனக்குத்தான் மனசு வரவில்லை என்று சொல்லிவிடு.

உன் அண்ணன் தெய்ஜி