கொலீனின் ஆப்பும் உன் ஒரு வரியும்

தண்டர் பே,
பிப்ரவரி, ஞாயிறு

அன்புள்ள டாரிலுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், அப்பாவின் முழங்கால் மட்டும் நலமில்லை. லிஸ்பனில் நீ நன்றாக இருக்கிறாய் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, உடம்புக்கு முடியாதவனுக்கு அடுத்தவர் வேலையை நக்கல் பண்ண இவ்வளவு நேரம் கிடைக்காது. பனி கூரை வரைக்கும் ஏறிவிட்டது, அப்பா பனி தள்ளும் மிஷினை யாரையும் தொட விடமாட்டேன் என்கிறார், தள்ளிவிட்டு வந்து சானா நீராவி அறையில் உட்கார்ந்து முனகுகிறார். அதெல்லாம் இருக்கட்டும்.

எதிர்வீட்டு கொலீனை உனக்குத் தெரியாது, நீ போன பிறகு குடிவந்தவள், மிருக வைத்தியரிடம் வரவேற்பில் வேலை. டயாலிசிஸுக்குப் போகிறவர்களை ஆஸ்பத்திரிக்குக் காரில் கூட்டிப்போய்க் கூட்டிவர நாங்கள் சிலபேர் இருக்கிறோம் இல்லையா, யார் யாரைக் கூட்டிப்போவது என்று தினமும் போனில் கத்திக்கொண்டிருந்தோம். அவள் தானே கற்றுக்கொண்டு அதற்கு ஒரு சின்ன ஆப் செய்து கொடுத்தாள். பேர் வரும், வீடு வரும், நான் போகிறேன் என்று தொட்டால் முடிந்தது. உன் அப்பாவே தொடுகிறார் என்றால் பார்த்துக்கொள். அவளுக்கு ஒரு ஆசை, தனியாளாக இப்படிச் சின்னச் சின்னதாகச் செய்கிறவர்கள் ஒருத்தருக்கொருத்தர் காட்டிக் கருத்துக் கேட்கிற அந்த இணையதளத்தில் இதையும் போட்டாள். போட்டுவிட்டு என்னையும் கூப்பிட்டு உட்காரவைத்தாள், அதனால் வந்ததையெல்லாம் நானும் படித்தேன்.

என்ன ஜனங்களடா அவர்கள். ஒருத்தன் பச்சை நிறம் பிடிக்கவில்லை என்றான். ஒருத்தன் இதில் காசு எப்படி வரும் என்று கேட்டான், சிறுநீரகம் போனவரிடம் காசு பிடுங்க வழி கேட்கிறான். ஒருத்தன் இதை நானே ஒரு வாரக்கடைசியில் செய்துவிடுவேன் என்றான், அவன் வயதுக்கு எத்தனையோ வாரக்கடைசி போயிருக்கும், ஒன்றிலும் செய்ததாகத் தெரியவில்லை. இன்னொருத்தன் அருமை அருமை என்று எழுதிவிட்டுக் கீழே தன் சொந்த ஆப்பின் முகவரியை ஒட்டிவிட்டுப் போனான், கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் தன் கடை நோட்டீஸ் கொடுக்கிறவன் மாதிரி. இவர்களில் ஒருத்தன்கூட அதைத் திறந்து பார்க்கவில்லை. திறந்தால் தனக்குத் தெரியும் என்று கொலீன் சொன்னாள்.

அப்புறம் ஒரு வரி வந்தது. "இது எக்செல் தாள்தான், மேலே பவுடர் பூசியிருக்காங்க." அதற்குக் கொத்துக் கொத்தாகக் கைதட்டல். எழுதினவன் பேர் நம் பழைய நாயின் பேர், கூடவே உன் ஹாக்கி சட்டை எண். பேரை ஒளிக்கிறவனுக்கு அதிலாவது கொஞ்சம் மூளை வேண்டாமா. இருபது வருஷமாகக் கம்ப்யூட்டரில் சம்பாதிக்கிறாய், உனக்குத் தெரிந்ததெல்லாம் சேர்த்து அவளுக்குக் கொடுக்க உன்னிடம் இருந்தது அந்தப் பவுடர்தானா? அது நீதான் என்று அவளிடம் நான் சொல்லவில்லை, வெட்கமாக இருந்தது. கொலீன் கம்ப்யூட்டரை மூடிவைத்தாள், மறுநாள் ஆப் வேலை செய்யவில்லை. சரியில்லாததை ஊர் உபயோகிக்க வேண்டாம் என்று எடுத்துவிட்டேன் என்றாள்.

திரும்பவும் போன், திரும்பவும் கத்தல். அந்த வாரமே, டயாலிசிஸுக்குப் போகிற எமில் பூஷேவை நான் கூட்டிப்போகிறேன் என்று எங்களோடு கார் ஓட்டுகிற ரீட்டா நினைத்தாள், ரீட்டா போகிறாள் என்று நான் நினைத்தேன். மனுஷர் பையோடு வாசலில் நின்றிருக்கிறார், கண் இமை உறையும் குளிர். தொந்தரவு கொடுக்க வேண்டாமென்று யாரையும் கூப்பிடவில்லையாம். மறுநாள் மூச்சு முட்டி ஆம்புலன்ஸில் போனார், டயாலிசிஸ் தவறினதால் நுரையீரலில் நீர். பிழைத்துவிட்டார், வீட்டுக்கும் வந்துவிட்டார். இதை உன் தலையில் போடமாட்டேன், கூப்பிட்டுக் கேட்காதது என் தப்பு, எடுத்தது கொலீனின் தப்பு. உன் பங்கு என்னவென்று நீயே யோசி.

இதற்குள் சிலி நாட்டிலிருந்து பவுலினா என்கிற பெண் கொலீனுக்குத் தனியாக எழுதியிருந்தாள். எடுப்பதற்கு முன்னாலேயே திறந்து, சும்மா பேர்கள் போட்டு, நாள் முழுக்க ஓட்டிப் பார்த்திருக்கிறாள். தட்டுத் தடுமாறின இங்கிலீஷ். ரெண்டுபேர் ஒரே நேரத்தில் தொட்டால் ரெண்டுபேருக்கும் அதே ஆள் விழுகிறார், இதைச் சரி செய்யுங்கள், எங்கள் ஊருக்கும் இது வேண்டும் என்று எழுதியிருந்தாள். நிஜமான கோளாறு. நீ திறந்திருந்தால் காபி ஆறுவதற்குள் கண்டுபிடித்திருப்பாய். கொலீன் அதைச் சரிசெய்து திரும்பவும் போட்டுவிட்டாள்.

நேற்று அவளுக்குப் பெர்ஷியன் என்கிற நம்மூர் இனிப்பு ரொட்டி வாங்கிக்கொண்டு போய், அந்தப் பவுடர்காரன் என் பையன் என்று சொல்லிவிட்டேன். ரொட்டிப் பையைப் பிரித்தாள். "அவர் சொன்னது சரிதான் ஹெல்வி, அது எக்செல்தான். அதுக்கு முன்னாடி உங்க ஃபிரிட்ஜ் மேல ஒட்டின காகிதம். அப்பவும் ஆளுங்க ஆஸ்பத்திரிக்குப் போய்க்கிட்டுத்தானே இருந்தாங்க" என்றாள். அப்புறம், உங்களை மாதிரியே ஜாஸ்தி பேசுவார் போல என்றாள். ரொட்டியைச் சாப்பிட்டோம்.

நல்ல உடம்போடு இரு, நேரத்துக்குத் தூங்கு, பல் டாக்டரைத் தள்ளிப்போடாதே. உன் கையில் நல்ல வேலை இருக்கிறது, வாயும் அதற்குச் சமமாக நல்லதாகட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். மறக்காதே, ஈஸ்டருக்கு நீ வருகிற வாரம் உன் பேரையும் கார் ஓட்டுகிறவர்களில் சேர்த்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை காலை எமில் உனக்கு விழுந்திருக்கிறார். ஆப்பைத் திறந்து, நான் போகிறேன் என்று தொடு. அதற்கு உன் சொந்தப் பேர்தான் போட வேண்டும், வேறெதையும் அது ஏற்காது.

உன் அம்மா,
ஹெல்வி