எனக்குச் சொந்தமில்லாத பெட்டி ஒன்று என் வீட்டில் இறக்கப்பட்டது குறித்து

அனுப்புநர்:
ஈ. ராஜதாஸ்,
கொல்லயில், பாறசாலை வழி,
நெய்யாற்றின்கரை வட்டம்,
திருவனந்தபுரம் மாவட்டம்.

பெறுநர்:
காவல் நிலைய அதிகாரி அவர்கள்,
பாறசாலை காவல் நிலையம்.

பொருள்: பூனாவிலிருந்து வீட்டுச் சாமான்களைக் கொண்டுவந்த பேக்கர்ஸ் நிறுவனம் வேறொரு குடும்பத்தின் பெட்டியை என் வீட்டில் இறக்கிவிட்டு, அது யாருடையது என்று சொல்ல மறுப்பது – உரியவரைக் கண்டுபிடித்துத் தர வேண்டுவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எனக்கு மலையாளம் பேச வரும், எழுதினால் பிழையாகிவிடும். புகாரில் பிழை இருந்தால் எதிர்த்தரப்புக்கு வசதி என்பதால் தமிழில் எழுதுகிறேன். பொறுத்தருள வேண்டும்.

1. பூனாவில் ஒரு தொழிற்சாலை வாயிலில், வேலை முடிந்து வெளியே போகிறவர்களின் பைகளைச் சோதிக்கும் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். யாரையும் எளிதில் நம்பிவிடும் பழக்கம் எனக்குக் கிடையாது. என் மனைவி செல்லபாய் இதை ஒரு குறையாகவே சொல்லி வருகிறார். சம்பளம் வாங்கிக்கொண்டு சந்தேகப்பட்டவனுக்கு ஓய்வு பெற்ற மறுநாளே நம்பிக்கை வந்துவிடாது என்பது என் பதில். இருவருமாகச் சொந்த ஊருக்கே திரும்ப முடிவுசெய்து, சாமான்களைக் கொண்டுவர மேற்படி நிறுவனத்தை அமர்த்தினோம். நிறுவனத்தின் பெயரும் தொலைபேசி எண்களும் இணைப்பில் உள்ளன.

2. முதலில் சாமான்களைப் பார்வையிட ஒருவர் வந்தார். அறை அறையாக நடந்து, அலமாரியைத் திறக்கச் சொல்லி, எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் பிடித்தார். எந்தத் தேதியில் வீட்டைப் பூட்டுவீர்கள் என்றும் கேட்டார். இந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை. எவ்வளவு பெரிய லாரி வேண்டும் என்று கணக்கிட இப்படித்தான் செய்வோம் என்றார். எங்கள் சாமான்கள் மட்டும் தனி லாரியில் வரும், எங்கள் கண்ணெதிரே பூட்டி சீல் வைக்கப்படும், கொல்லயிலில் எங்கள் கண்ணெதிரேதான் திறக்கப்படும் என்று உறுதி சொன்னார். பிறகு ஆட்கள் வந்து அட்டைப் பெட்டிகளில் அடுக்கி, ஒவ்வொன்றிலும் எங்கள் எண் போட்ட ஸ்டிக்கர் ஒட்டினார்கள். நான் அதோடு விடவில்லை. ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் நீல மையால் ஒரு சிலுவை போட்டுவைத்தேன். ஓர் ஆள் சிரித்தான். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

3. நாங்கள் ஊர் வந்து சேர்ந்தபின், பக்கத்து உதியன்குளங்கரை சந்திப்பில் வந்து நின்ற லாரி, பூனாவில் சீல் வைத்த லாரி அல்ல. எண் வேறு, நிறம் வேறு, ஓட்டுநரும் வேறு. இந்தியில் விசாரித்தபோது, ஓசூரில் ஒரு குடோனிலிருந்து ஏற்றி வருவதாகவும் பூனாவைத் தான் கண்ணால் கண்டதில்லை என்றும் கூறினார். அதாவது, பல வீட்டுச் சாமான்களை ஒரே லாரியில் ஓசூர் வரை கொண்டுவந்து, அங்கே கொட்டிப் பிரித்து, போகும் திசைப்படி மறுபடி ஏற்றியிருக்கிறார்கள். தனி லாரி என்று சொன்னது பொய். எங்கள் இடவழியில் பெரிய லாரி நுழையாது என்பதால் சாமான்கள் சந்திப்பிலேயே டெம்போவுக்கு மாற்றப்பட்டன.

4. சாமான்களை இறக்கிய சுமட்டுத் தொழிலாளர்களில் அப்புக்குட்டன் என்பவர், நான் சொல்லியிருந்தபடி ஒரு பெட்டியைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்து, "அண்ணா, இதுக்க அடியில குருசு இல்லல்லா?" என்று கேட்டார். உண்மைதான். ஸ்டிக்கரில் எங்கள் எண் இருந்தது, ஆனால் பெட்டி எங்களுடையது அல்ல. ஸ்டிக்கரும் வேறொன்றைச் சுரண்டி எடுத்த இடத்தின்மேல் கோணலாக ஒட்டப்பட்டிருந்தது. எங்கள் பெட்டிகளில் ஒன்றும் குறையவில்லை. குறைந்திருந்தால் திருட்டு என்று எனக்குப் புரிந்திருக்கும். கூடியிருந்ததுதான் என்னைப் பயமுறுத்தியது.

5. நிறுவனத்தின் திருவனந்தபுரம் முகவர் ரெஜி என்பவரை அழைத்தேன். என்ன பெட்டி, யாருடையது என்று ஒரு வார்த்தை கேட்காமலே, "அது சாரமில்ல அண்ணா, வேண்டாம்னா கொண்டு களஞ்சிருங்க" என்றார். அடுத்தவர் பொருளைத் தூக்கி எறியச் சொல்கிறவரிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்? நாம் எல்லையோரத்தில் குடியிருப்பவர்கள். சோதனைச் சாவடியைத் தாண்டி எதெல்லாம் எப்படியெல்லாம் வரும் என்று தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. யாரோ எதையோ என் எண்ணில் கடத்தி இறக்கியிருக்கிறார்கள், இனி அதைத் தேடி ஆள் வரும் என்றே நினைத்தேன். பெட்டியை வீட்டுக்குள் ஏற்றாமல் விறகுப்புரையில் வைத்துத் தார்ப்பாய் போட்டு மூடினேன். "நிங்களுக்கு இந்த லோகத்தில எல்லாரும் கள்ளன்மாராக்கும்" என்று செல்லபாய் ஏசினார். "எவருக்க சாதனமோ, ஒண்ணு தொறந்து பாருங்க. குண்டொண்ணும் இருக்காது" என்றும் சொல்லிப் பார்த்தார். நான் திறக்கவிடவில்லை. மழை பெய்த நாட்களிலும் அது அங்கேயேதான் இருந்தது.

6. கடைசியில் எங்கள் வார்டு மெம்பர் திருமதி சினி அவர்களைச் சாட்சியாக அழைத்துப் பெட்டியைத் திறந்தோம். உள்ளே ஒரு குழந்தையின் காலுக்கு மாட்டும் பிளாஸ்டிக் தாங்கி ஒன்றும், ஒரு ஜோடி சிறிய ஷூவும், பிடித்து நடக்கும் மடக்குச் சட்டம் ஒன்றும், சில உடுப்புகளும் இருந்தன. இடது ஷூவின் அடி மட்டும் கனமாக உயர்த்தித் தைக்கப்பட்டிருந்தது. தாங்கியின் உள்பக்கத்துப் பஞ்சு, தோல் பட்டுப் பட்டு நிறம் மாறியிருந்தது. பெயரோ விலாசமோ எதிலும் இல்லை. செல்லபாய் ஷூவை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "இதில்லாம அந்தக் கொச்சு எப்படி நடக்கும்?" என்று கேட்டார். அதை மழையில் போட்டுவைத்தவன் நான். வெட்கமாக இருந்தது ஐயா.

7. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டி விசாரித்தேன். இவை அந்தக் குழந்தையின் காலை அளவெடுத்துச் செய்தவை, வேறு யாருக்கும் பயன்படாதவை, குழந்தை வளர வளர மாற்ற வேண்டியவை என்றார்கள். சில மாதம் கழித்துக் கிடைத்தால் அந்தக் குழந்தைக்கே உதவாது.

8. உடனே ரெஜியை மீண்டும் அழைத்து விவரம் சொன்னேன். அவர் கொஞ்சம் தடுமாறி, "அந்தப் பார்ட்டிக்கிட்ட பெட்டி ஏத்தவே இல்லன்னாக்கும் சொல்லியிருக்கு. இப்ப நிங்க அதயும் கொண்டு வந்தா ஞங்க எல்லாரும் மாட்டிக்கிடுவோம் அண்ணா" என்றார். ஆக, அப்படி ஒரு குடும்பம் இருக்கிறது, அவர்கள் கேட்டிருக்கிறார்கள், இவர்கள் குடோனில் கலந்துபோன பெட்டியில் என் எண்ணை ஒட்டித் தள்ளிவிட்டு, அவர்களிடம் பொய் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். யார், எந்த ஊர் என்று கேட்டேன். நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று தொடர்பைத் துண்டித்தார். அதற்குப் பிறகு என் எண்ணிலிருந்து அழைத்தால் எடுப்பதில்லை. பூனா அலுவலகத்திலோ, மற்ற வாடிக்கையாளர்களின் விவரத்தைத் தருவது விதிகளுக்குப் புறம்பானது என்கிறார்கள். சீல் வைத்த லாரியை வழியில் உடைக்கும்போது இந்த விதி எங்கே போயிருந்தது என்று கேட்டேன்.

9. இரண்டு நாள் கழித்து பைக்கில் இருவர் வந்து, கம்பெனியிலிருந்து வருகிறோம், பெட்டியைக் கொடுங்கள் என்றார்கள். அடையாள அட்டை இல்லை. எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பீர்கள் என்ற கேள்விக்கு ஒருவன் கைப்பேசியைப் பார்த்தான், மற்றவன் எங்கள் தென்னையைப் பார்த்தான். இவர்கள் கையில் கொடுத்தால் அது பாறசாலையைத் தாண்டாது, ஏதாவது தோட்டுத் தண்ணீரில்தான் கிடக்கும் என்று நான் நினைத்த நேரத்தில், செல்லபாயே முன்னால் போய், "இங்க ஒரு பெட்டியும் இல்ல, போங்க மக்கா" என்று கேட்டைச் சாத்திவிட்டார். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பவர் அவர். அவர் பொய் சொல்லி நான் கேட்டது அதுவே முதல் தடவை. இப்போது பெட்டி எங்கள் படுக்கையறையில், கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

10. ஆகவே, மேற்படி லாரியில் யார் யாருடைய சாமான்கள் வந்தன என்பதை நிறுவனத்திடமிருந்து கேட்டு வாங்கி, அந்தக் குடும்பத்தைக் கண்டுபிடித்துத் தருமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தனி லாரி என்று ஏமாற்றியதற்கு எனக்கு நஷ்ட ஈடு எதுவும் வேண்டாம்.

11. பொருளை இழந்தவர் புகார் தராமல் விசாரிக்க வழியில்லை என்று தாங்கள் சொல்லக்கூடும். அப்படியானால் இன்னொரு வழி உண்டு. பிறர் பொருளை வீட்டில் வைத்திருப்பதாக என் மீதே வழக்குப் பதிவு செய்யுங்கள். நான் வைத்திருப்பது உண்மை. கேட்டு வந்தவர்களிடம் இல்லை என்று பொய் சொன்னதும் உண்மை. யாருடைய பொருள் என்று தெரியாமல் அந்த வழக்கு நிற்காது என்பதால், நிறுவனம் வாய் திறந்தே ஆக வேண்டும். வாழ்நாளெல்லாம் அடுத்தவர் பையைத் துழாவிச் சந்தேகப்பட்ட எனக்கு, என்னையும் யாரோ ஒரு தாய் எங்கேயோ இருந்து கள்ளன் என்று சபித்துக்கொண்டிருப்பார் என்பது தாங்க முடியவில்லை. அவர் நினைப்பதில் தப்பும் இல்லை.

12. அவர்களைக் கண்டுபிடித்தால், பெட்டியை நிறுவனத்தின் வழியாக அனுப்பச் சொல்லாமல், தயவுசெய்து அவர்களையே நேரில் வரச் சொல்லுங்கள். கள்ளன் வீடு எது என்று கேட்டுக்கொண்டு வந்தாலும் எனக்கு வருத்தமில்லை. பிள்ளையையும் கூட்டி வரட்டும். ஷூ இன்னும் காலுக்கு அளவாக இருக்கிறதா என்று இங்கேயே போட்டுப் பார்த்துவிடலாம்.

இடம்: கொல்லயில்
நாள்: 19.08.2024

தங்கள் விசாரணைக்குக் காத்திருக்கும்,
ஈ. ராஜதாஸ்
(ஒப்பம்)

சாட்சி: சினி, வார்டு மெம்பர் (ஒப்பம்)

இணைப்பு: நிறுவனத்தின் விவரம், பெட்டியின் புகைப்படங்கள். பெட்டி இணைக்கப்படவில்லை. தாங்கள் நேரில் வந்தால் காட்டுவேன், யார் கையிலும் கொடுத்தனுப்ப மாட்டேன்.