தக்கலை பஸ்ஸில் ஒரு தலையணை

இன்று காலை எங்கள் தெருவில், பழைய தலையணைகளைப் பிரித்துப் பஞ்சடித்துக் கொடுக்கும் ஆள் வந்திருந்தான். கிழித்த உறைக்குள்ளிருந்து இலவம்பஞ்சின் புழுங்கல் வாசனை வந்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். பஞ்சு எனக்கு ஆகாது, தும்மல் வரும் என்று நீ பார்க்காத உன் மருமகளிடம் சொன்னேன். இருபத்தைந்து வருஷமாக அவளிடம் சொல்லிவரும் பொய்களில் இது ஓரளவு கண்ணியமானது, அம்மா.

சுதந்திரம் வந்த மறுவருஷம் எனக்குத் திருவனந்தபுரத்தில் சர்க்கார் குமாஸ்தா வேலை கிடைத்தது. பூதப்பாண்டியில் அதை நான் சொல்லாமல் விட்டது வயல் நண்டுகளிடம் மட்டும்தான். நீயோ, அங்கே ரேஷன் அரிசி நாறும், பாதி நாள் மரச்சீனிக் கிழங்குதான், இவனுக்கு அதைத் தின்றால் வயிறு இரையும் என்று வீடு வீடாகப் போய்ப் புலம்பினாய். என் வயிற்று ரகசியம் ஊருக்குத் தெரிந்தது அப்படித்தான். நாஞ்சில் நாட்டு அரிசியை மேற்கே கொண்டுபோகக் கூடாது என்று அப்போது சட்டம். வழியில் பஸ்ஸை நிறுத்தித் தேடுவார்கள்.

நான் புறப்பட்ட அன்று, தக்கலையில் சித்தியைப் பார்க்க வேண்டும் என்று நீயும் கூடவே கிளம்பினாய். சித்தி அந்த நேரம் நம் வீட்டு அடுக்களையில் உட்கார்ந்து தோசை தின்றுகொண்டிருந்தாள். உன் மடியில் எனக்காகத் தைத்த புதுத் தலையணை. பஸ்ஸின் மேலே போடச் சொன்னால் நனைந்துவிடும் என்றாய். மழை பெய்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

நாகர்கோவிலில் பஸ் மாறியபோது நான் உன் பக்கத்தில் உட்காரவில்லை. எனக்குப் புதுக் கோட்டு. உனக்குத் தோளைத் தொடும் தொங்கு காது. முன்னால் போய், உத்தியோகஸ்தர் போலிருந்த ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்து உலக விஷயம் பேசினேன். தனியாகவா பயணம் என்று அவர் கேட்டார். ஆமாம் என்றேன்.

தக்கலைக்குக் கொஞ்சம் முன்னால் பஸ் நின்றது. போலீஸ்காரர் ஏறி உன் தலையணையை அமுக்கினார். பஞ்சுக்கு நடுவே அரிசி நறநறத்தது. எனக்கே அப்போதுதான் தெரியும்.

"இது ஆருக்கது?"

வாயைத் திறந்தால் இன்னும் போய்ச் சேராத வேலை போய்விடும். ஜன்னலுக்கு வெளியே ஒரு பனைமரத்தைப் பார்த்தேன். அதில் எத்தனை மட்டை என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன்.

"எனக்கதுதான்" என்றாய்.

"கூட ஆரு உண்டு?"

பஸ் முழுவதையும் ஒரு தரம் பார்த்தாய். உன் கண் என் முகத்துக்கு வந்தது. நிற்காமல் அடுத்த ஆளுக்குப் போயிற்று.

"ஆருமில்ல. நான் ஒத்தைக்குத்தான்."

உன்னை இறக்கினார்கள். பஸ் புறப்பட்டது. இந்தப் பெண்பிள்ளைகளுக்குப் பயமே விட்டுப்போயிற்று என்று பக்கத்திலிருந்தவர் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன், அம்மா.

ஓணத்துக்கு ஊருக்கு வந்தபோது மீதியைச் சித்தி சொன்னாள். சாயங்காலம் வரை ஸ்டேஷனில் உன்னை நிறுத்தி வைத்திருந்தார்கள். விட்டதும் நடந்தே வீடு வந்தாய். அப்பாவிடம் பஸ் கெட்டுப்போனது என்றாய். சித்தியிடம் சொன்ன கதையில்கூட நான் அந்த பஸ்ஸில் இல்லை. நாகர்கோவிலில் எனக்கு முந்தின பஸ் கிடைத்துவிட்டதாம்.

என்னிடம் நீ கேட்டது ஒன்றுதான். "அங்க தலைக்கு என்னத்த வச்சுப் படுத்துக்கிடுதே, மக்கா?"

சொல்ல வேண்டியதை அப்போதும் சொல்லவில்லை. அடுத்த ஆனியில் காய்ச்சலில் போய்விட்டாய். தந்தி கிடைத்து நான் வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

இப்போது நான் ஊரைக் கேலிசெய்து எழுதிப் பிழைக்கிறேன். கூட்டங்களில் கைதட்டுகிறார்கள். ஆனால் பஸ்ஸில் முன்பின் தெரியாத கிழவி எவளுடைய கண்ணாவது என்மேல் பட்டு, நிற்காமல் தாண்டிப் போய்விட்டால் எனக்கு இருப்புக்கொள்வதில்லை. போன மாதம் எழுந்தே போய்விட்டேன். "அம்மா, நான்தான்" என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீ ஆரு மக்கா?" என்றாள்.